"ரத்தக்கட்டு உண்டா?" என்று கேட்டார்கள்



நான்கு மாதமாக இந்தப் பக்கம் நான் எட்டிப் பார்க்கவில்லை. தீபாவளிக்கு வாழ்த்துப் போட்டவர்களுக்கும் பதில் போடவில்லை, பொங்கலுக்குப் போட்டவர்களுக்கும் போடவில்லை. டீச்சருக்குக் கால் ஆபரேஷன் என்று சிலர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். ஹார்ட் அட்டாக் என்று சிலருக்குச் செய்தி போயிருக்கிறது. பெண்ணாடத்து உறவில் ஒருவர் ஒருபடி மேலே போய், காலை எடுத்துவிட்டார்களாம் என்றே சொல்லிவிட்டார். இரண்டு காலும் இருக்கிறது. ஊன்றித்தான் நடக்கிறேன். என்ன நடந்தது என்று ஆளாளுக்குப் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரே முறையாக இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். டீ வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு காலையில் பின்வாசல் படியில் வழுக்கினேன். பழைய சிமெண்ட் படியை உடைத்துவிட்டுப் பளபளவென்று டைல்ஸ் ஒட்டியது என் மகன்தான். அந்த டைல்ஸ் குஜராத் மொர்பியிலிருந்து வந்தது. விருத்தாசலத்தில் பிறந்து, பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு, கடைசியில் வெளியூர்ப் பீங்கானில் வழுக்கி விழுந்தேன் என்று எங்கள் வீட்டுக்காரர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். விழும்போது 'டக்' என்று ஒரு சத்தம். வலது கணுக்கால் திரும்பிக் கிடந்தது. உள்பக்கம் ஒரு எலும்பும் வெளிப்பக்கம் ஒரு எலும்பும் உடைந்திருந்தன. வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, மறுநாள் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். நன்றாகவே செய்தார்கள். ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லி, முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய இரவு ஒரு நர்ஸ் பெண் வந்து உட்கார்ந்து படிவம் நிரப்பினாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், "உங்களுக்கோ உங்க குடும்பத்தில யாருக்காவதோ ரத்தக்கட்டு வந்திருக்காம்மா?" என்றாள். நான் யோசிக்கக்கூட இல்லை. "இல்லம்மா" என்றேன்.

நம் ஊரில் ரத்தக்கட்டு என்றால் என்ன? கதவில் கை நசுங்கினால், சைக்கிளிலிருந்து விழுந்தால் தோலுக்கடியில் கன்றிப்போய் நீலம் பூப்பது. பத்துப் போட்டால் நாலு நாளில் போய்விடும். அது வராத வீடு எது? இந்த வயதில் படுத்துக்கொண்டு அதையெல்லாம் கணக்குச் சொல்லவா என்று நினைத்தேன். அந்தப் பெண் கேட்டது கால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்பதைப் பற்றி என்று எனக்குத் தெரியவில்லை. வார்த்தைக்குப் பொருள் புரியாவிட்டால் கை தூக்கிக் கேள் என்று முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான்.

நரம்புச் சுருட்டல் உண்டா என்றும் கேட்டாள். அதற்கு மட்டும் "லேசா" என்றேன். கரும்பலகை முன்னால் நின்றே வாழ்ந்தவர்களுக்கு அது இல்லாமல் இருக்குமா? என் காலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது லேசு இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காலை ஊன்றுகிறவரை தினமும் போட வேண்டும் என்று டாக்டரே சொன்னார். பத்து நாள் போட்டேன். வயிறு எரிகிற மாதிரி இருந்தது. பல் துலக்கும்போது ஈறில் கொஞ்சம் ரத்தம் வந்தது. பார்க்க வந்த ஒருவர், "ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை, பார்த்துக்கங்க, மூளையில கசிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினோராம் நாள் நானாகவே நிறுத்திவிட்டேன். பதினாலாம் நாள் தையல் பிரிக்கப் போனபோது, "மாத்திரை எல்லாம் சரியா போடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "போடுறேன் சார்" என்றேன். வீட்டுப்பாடம் எழுதாமல், நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொன்ன எத்தனை பேரை நான் பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பேன்!

பத்தொன்பதாம் நாளிலிருந்து கட்டுக்குள்ளே கெண்டைக்காலில் ஒரு வலி. காயம் வலிக்கிற மாதிரி குத்துவலி இல்லை. ராத்திரியில் குரக்களி பிடிக்குமே, அது பிடித்துவிட்டு விடாமலே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. கட்டு நாளுக்கு நாள் இறுகுவது போலவும் இருந்தது. கட்டு எப்படி இறுகும்? உள்ளே கால்தான் வீங்கிக்கொண்டிருந்தது. கூடவே, ஆழமாக மூச்சு இழுத்தால் வலது விலாவில் சுருக்கென்று பிடித்தது. வாயு என்று நினைத்தேன். பூண்டுப் பால் குடித்தேன், பெருங்காயம் போட்டு மோர் குடித்தேன். நமக்கு நெஞ்சில் எது வந்தாலும் முதலில் வாயுதான்.

இருபத்தோராம் நாள் வெள்ளிக்கிழமை. என் நாத்தனார் பக்கத்துத் தெருதான். வெதுவெதுப்பாக நல்லெண்ணெய் காய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்தார். "மேல்கட்டைக் கொஞ்சம் தளர்த்தி நாலு இழுப்பு இழுத்து விடறேன் அண்ணி, சரியாயிடும்" என்று கட்டில் ஓரம் உட்கார்ந்துவிட்டார். துணிக்கட்டின் ஊக்கைக் கழற்றியும் ஆயிற்று.

அப்போது போன் வந்தது. வளைகுடா நாட்டில் நர்ஸாக இருக்கும் என் பழைய மாணவி. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவள் செட்டில் படித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். வாய்ப்பாட்டில் ஏழாம் வாய்ப்பாடு மட்டும் வராமல் அழுவாளே, அவள்தான். வெள்ளிக்கிழமை லீவு என்பதால் ஆபரேஷன் ஆனதிலிருந்து வாராவாரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வீடியோவில் நாத்தனார் கையில் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், எண்ணெய்?" என்றாள். சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. எந்தக் கால் வலிக்கிறது, கால்விரல் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா, மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். விலாவில் பிடிக்கிறது என்றதும் குரலைத் தாழ்த்தி, "டீச்சர், முதல்ல அந்த அம்மாவைக் கையை எடுக்கச் சொல்லுங்க. காலைத் தேய்க்க வேண்டாம், அமுக்க வேண்டாம். சாரைக் கூப்பிடுங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நாளைக்கு இல்ல டீச்சர், இப்ப" என்றாள்.

நாத்தனாருக்குக் கோபம். எனக்குமே கொஞ்சம் சலிப்புதான். மழையில் கார் பிடித்துப் போக வேண்டுமா, திங்கட்கிழமை போகலாமே என்றேன். அதற்கு அவள் சொன்ன வார்த்தையை நான் மறக்க மாட்டேன். "டீச்சர், நான் சொல்றதை ஒரு தடவை கேளுங்க."

போனோம். கட்டைப் பிரித்து டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைத்துப் பார்ப்பார்களே, அதே மாதிரி கருவிதான். காலில் ஓடும் சிரைமேல் அதை வைத்து மெல்ல அழுத்துகிறார்கள். நல்ல சிரை என்றால் மெத்தென்று அமுங்கி இரண்டு சுவரும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே ரத்தம் உறைந்து நின்றால் அமுங்காது. என் முழங்காலுக்குப் பின்னால் இருந்த சிரை அமுங்கவில்லை. டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பிறகு மார்புக்கு மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன். வலது நுரையீரலின் ஒரு கிளைக் குழாயில் சின்னதாக ஒரு துண்டு போய் உட்கார்ந்திருந்தது. நான் மூன்று நாளாகப் பூண்டுப் பால் குடித்து அனுப்ப நினைத்த வாயு அதுதான்.

இது எப்படி நடக்கிறது என்று பாடம் நடத்தாமல் என்னால் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். இதயம் ரத்தத்தைக் காலுக்குத் தள்ளிவிடுகிறது. திரும்பி மேலே ஏற வேண்டுமே, அதற்கு இதயத்தின் வேகம் போதாது. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கிச் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றுகிறது. ஏறிய ரத்தம் மறுபடி கீழே விழாமல் சிரைக்குள்ளே கதவு மாதிரி வால்வுகள் இருக்கின்றன. அந்தச் சதைக்கு நம் பெரியவர்கள் ஆடுசதை என்று பெயர் வைத்தார்கள். மாவுக்கட்டுப் போட்டுக் காலைத் தலையணை மேல் வைத்துவிட்டால் ஆடுசதை ஆடாது. பிழிகிற வேலை நின்றுவிடுகிறது. பாதத்திலும் கணுக்காலிலும் செய்கிற ஆபரேஷனில் இதுதான் வில்லங்கம். இடுப்பு, முட்டி மாற்றியவர்களை மறுநாளே பிடித்து நடக்க வைத்துவிடுகிறார்கள். நம்மை வாரக்கணக்கில் ஊன்றாதே என்கிறார்கள்.

இதைச் சொன்னபோது எங்கள் வீட்டுக்காரர் உடனே பிடித்துக்கொண்டார். அவர் யூனிட்டில் பொம்மை வார்க்கிற களிமண் குழம்புக்கு 'ஸ்லிப்' என்று பெயர். அதைத் தொட்டியில் விடாமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டுமாம். கரண்ட் போய் நீண்ட நேரம் துடுப்பு நின்றுவிட்டால் அடியில் மண் படிந்து இறுகிவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். "உன் கால்ல துடுப்பு நின்னுபோச்சு, அவ்வளவுதானே?" என்றார். ஆனால் ரத்தம் வண்டல் மாதிரி வெறுமனே படிவதில்லை, அதுவே உறையும் குணம் உள்ளது. அந்தக் குணம் இல்லாவிட்டால் கத்தி பட்டாலே நாம் செத்துவிடுவோம். ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் ஃபிர்ஹோ என்ற மருத்துவர் 1850-களிலேயே, காலில் உறைந்த ரத்தம்தான் துண்டாகப் பிய்ந்து நுரையீரலை அடைக்கிறது என்று காட்டினார். ரத்த ஓட்டம் தேங்குவது, குழாய்ச் சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் பக்கமாகச் சாய்வது என்று மூன்று காரணங்களை அவர் பெயரால் இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, அசையாமல் படுத்திருப்பவருக்கு மூன்றும் ஒரே சமயத்தில் வந்துவிடுகிறது. எனக்கு அறுபதைத் தாண்டிய வயதும் சுருட்டல் நரம்பும் உபரி. நிறுத்திய மாத்திரை அதற்கு மேல்.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வயிற்றில் தொப்புளைச் சுற்றி ஹெப்பாரின் வகை ஊசி, பிறகு மாத்திரை. குறைந்தது மூன்று மாதம் என்றார்கள். இந்த மருந்துகளைப் பற்றி ஒரு கதை. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் கெட்டுப்போன ஒரு தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்துக்கொண்டிருந்தன. 1933-ல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, உறையாத ரத்தத்தை ஒரு பால் கேனில் எடுத்துக்கொண்டு பனிப்புயலில் வந்து, கார்ல் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வகக் கதவைத் தட்டினாராம். அந்த ஆராய்ச்சியிலிருந்துதான் வார்ஃபரின் பிறந்தது. 1948-ல் எலி மருந்தாகத்தான் முதலில் கடைக்கு வந்தது. 1955-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே மாரடைப்புக்குப் பிறகு அதைக் கொடுத்தார்கள். இதை என் நாத்தனாரிடம் சொல்லியிருக்கக் கூடாது. "எலி மருந்தா அண்ணி கொடுக்கறாங்க?" என்று இன்னும் கேட்கிறார். எனக்குக் கொடுத்தது அது இல்லை, புதுவகை மாத்திரை. வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள்தான் அடிக்கடி ரத்தம் சோதித்து, கீரையையும் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

சேர்த்த அன்று இரவு ஒரு இளம் டாக்டர் வந்தார். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார், ஆனால் வேறு மாதிரி கேட்டார். "உங்க குடும்பத்தில யாராவது ஆபரேஷனுக்கு அப்புறமோ, பிரசவத்துக்கு அப்புறமோ, ரொம்ப நாள் படுத்திருந்தப்பவோ, கால் வீங்கி, திடீர்னு மூச்சு முட்டி இறந்திருக்காங்களாம்மா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

1997. என் அக்கா. பெண்ணாடத்தில் வாழ்க்கைப்பட்ட என் பெரியக்கா. உறவுகளில் வயதானவர்களுக்குத் தெரியும். அம்மிக்கல்லை நகர்த்தும்போது பாதத்தில் விழுந்து எலும்புகள் நொறுங்கிவிட்டன. ஆபரேஷன் செய்து கம்பி வைத்து ஒரு மாதம் கட்டிலோடு கிடந்தார். கம்பியை எடுத்துக் கட்டும் பிரித்தாகிவிட்டது. நாலு நாள் கழித்துச் சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டுப் பஸ் ஏறிப் போனேன். கெண்டைக்கால் ரொம்ப வலிக்குது என்றார். கட்டில் இருந்த கால் சூம்பித்தானே இருக்க வேண்டும், அது மற்றக் காலைவிடத் தடித்துச் சூடாக இருந்தது. ரத்த ஓட்டம் இல்லாமல் இருந்ததால் அப்படி என்று எனக்கு நானே முடிவு செய்தேன். சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் எண்ணெய் காய்ச்சி, முழங்கால் வரை உருவி உருவி விட்டேன். "உன் கை பட்டாலே நோவு குறையுதுடி" என்றார். திங்கட்கிழமை காலை நான் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கொல்லைப்பக்கம் போக எழுந்தவர், "மூச்சு முட்டுதுடி" என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். நாற்பத்து நாலு வயது. மாரடைப்பு என்றார்கள். மாரடைப்பு என்றே இருபத்தெட்டு வருடமாக நாம் எல்லோரும் சொல்லிவருகிறோம்.

டாக்டரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றதைப் பார்த்தா அப்படி இருந்திருக்கலாம். பிரேதப் பரிசோதனை இல்லாம யாராலும் உறுதியா சொல்ல முடியாது. அப்படியே இருந்தாலும், கட்டி தேய்க்காமலும் நகரும்மா. நடக்கும்போது நகரும், தூக்கத்திலயும் நகரும். உங்க கையாலதான்னு நினைச்சுக்காதீங்க" என்றார். நல்ல பிள்ளை. ஆனால் என் கட்டிலருகே கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த நாத்தனாரின் கையையும், அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என் கையையும் நான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டுதான் அன்று தூங்காமல் கிடந்தேன். இப்போதும் சில ராத்திரிகளில் அப்படித்தான்.

இதை இங்கே எழுதும் முன் அக்காவின் மூத்த மகனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நீங்க அன்னிக்கு ரெண்டு ராத்திரி தூங்காம அம்மா காலைப் பிடிச்சுவிட்டது எனக்கு ஞாபகம் இருக்கு சித்தி. எழுதுங்க" என்றான்.

எழுதுவதால் யாரும் பயந்துவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணுக்கால், பாதம் ஆபரேஷன் செய்துகொள்ளும் பெரும்பாலானவர்களுக்கு இது வருவதில்லை. நெதர்லாந்தில் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்ட சுமார் 1,500 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து 2017-ல் வெளியிட்டார்கள். தடுப்பூசி மாதிரி தினமும் ஹெப்பாரின் வகை ஊசி போட்டுக்கொண்டவர்களில் 1.4 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 1.8 சதவீதம் பேருக்கும் ரத்த உறைவு வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் எல்லாருக்கும் ஊசி என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. யாருக்கு ஆபத்து அதிகம் என்று பார்த்துக் கொடுக்கிறார்கள். 2023-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் எலும்பு முறிந்த 12,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்தபோது, உயிரைக் காப்பதில் சாதாரண ஆஸ்பிரினும் அந்த ஊசிக்குச் சளைத்ததில்லை என்று தெரிந்தது. கால் சிரையில் உறைவு மட்டும் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்குச் சற்றுக் கூடுதல். இதைப் படித்துவிட்டு யாரும் தானாகக் கடையில் ஆஸ்பிரின் வாங்க வேண்டாம், நானாக மாத்திரையை நிறுத்தியதும் அதே தப்புதான். எது, எவ்வளவு நாள் என்று முடிவு செய்ய வேண்டியது உங்கள் டாக்டர். நம்மிடம் உள்ள விவரத்தை முழுதாகக் கொடுத்தால்தானே அவர் சரியாக முடிவு செய்ய முடியும்? நான் தப்பான விடையை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நம்மவர்களுக்கு இந்த நோயெல்லாம் வராது, வெள்ளைக்காரர்களுக்குத்தான் என்று ஒரு நம்பிக்கை டாக்டர்களிடமே முன்பு இருந்ததாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1996 முதல் 2005 வரை பத்து வருடப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து 2009-ல் எழுதினார்கள். உள்நோயாளிகள் பத்தாயிரம் பேருக்குச் சுமார் 17 பேர் என்று கணக்கு வந்தது. அத்தனை அபூர்வம் இல்லை. கொரோனா சமயத்தில் 'டி-டைமர்' என்ற சோதனையை வீட்டுக்கு வீடு கேள்விப்பட்டோமே, அதுவும் இந்த உறைவைத் தேடும் சோதனைதான்.

டென்னிஸ் பார்க்கிறவர்களுக்கு செரீனா வில்லியம்ஸைத் தெரியும். 2010-ல் விம்பிள்டன் ஜெயித்த சில நாட்களில் மியூனிக்கில் ஒரு உணவகத்தில் உடைந்த கண்ணாடியை மிதித்துவிட்டார். பாதத்தில் இரண்டு ஆபரேஷன், வாரக்கணக்கில் கட்டு. 2011 தொடக்கத்தில் நுரையீரலில் ரத்த உறைவு. உலகத்திலேயே அவ்வளவு திடமான கால் யாருக்கு இருந்திருக்கும்? 2017-ல் குழந்தை பிறந்த மறுநாள் அவருக்கு மறுபடியும் மூச்சு முட்டியது. எனக்கு சி.டி. எடுங்கள், ஹெப்பாரின் கொடுங்கள் என்று அவரே கேட்டார். வலிமருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று நர்ஸ் முதலில் நினைத்தாராம். டாக்டர் காலில் ஸ்கேன் பார்த்தார், ஒன்றும் இல்லை. விடாமல் கேட்டபிறகு சி.டி. எடுத்தார்கள், நுரையீரலில் உறைவுகள் இருந்தன. தன் உடம்புக்கு முன்பு என்ன வந்தது என்று தெரிந்திருந்ததால் அவரால் வாதாட முடிந்தது.

அதனால் பிள்ளைகளே, உங்களுக்கோ உங்கள் அப்பா அம்மாவுக்கோ காலில் கட்டு, ஆபரேஷன் என்று வந்தால், "ரத்தம் உறையாம இருக்க எனக்கு ஏதாவது வேணுமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். முன்பு காலிலோ நுரையீரலிலோ உறைவு வந்திருந்தால், புற்றுநோய் சிகிச்சை நடந்தால், சமீபத்தில் பிரசவம் ஆகியிருந்தால் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் கருத்தடை மாத்திரையோ, திருவிழா கல்யாணம் என்று நாள் தள்ளிப்போட மாத்திரையோ சாப்பிட்டிருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. குதிகால் நார் அறுந்து கட்டுப் போட்டவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்களை ஆட்டிக்கொண்டே இருங்கள். டாக்டர் அனுமதித்தால் முழங்காலையும் மடக்கி நீட்டுங்கள். முதல் சில வாரங்கள்தான் ஆபத்து அதிகம், மூன்று மாதம் வரை எச்சரிக்கை வேண்டும். கெண்டைக்கால் வலித்து வீங்கினால், கட்டு இறுகினால் அன்றைக்கே காட்டுங்கள். மூச்சு முட்டினால், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு வலித்தால், இருமலில் ரத்தம் வந்தால், மயக்கம் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். பூண்டுப் பால் காய்ச்ச வேண்டாம். எண்ணெய்க் கிண்ணத்தோடு யார் வந்தாலும், அவர்கள் எவ்வளவு அன்போடு வந்தாலும், காலைத் தொட விடாதீர்கள்.

இப்போது எனக்கு மாத்திரை முடியும் தறுவாயில் இருக்கிறது. போன வாரம் டாப்ளரில் அந்தச் சிரை அமுங்கியது. சாயங்காலம் வலது காலில் கொஞ்சம் வீக்கம் வருகிறது, இறுக்கமான காலுறை போட்டுக்கொள்கிறேன். பெரிய கோயிலுக்குப் போனேன். ஆழத்துப் பிள்ளையாரை மட்டும் மேலே நின்றே கும்பிட்டேன், அந்தப் படி இறங்க இன்னும் தைரியம் வரவில்லை. பின்வாசல் டைல்ஸை மகன் வந்து பெயர்த்துவிட்டுப் பழையபடி சொரசொரப்பாகச் சிமெண்ட் போட்டுவிட்டான்.

அக்காவின் மூத்த மகனுக்கு அடுத்த மாதம் குதிகாலில் ஒரு ஆபரேஷன் இருக்கிறது. இதை இப்போது அவசரமாக எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவன் தம்பிகள், தங்கை, அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். படிவத்தில் அந்தக் கேள்வி வரும்போது, "சித்திக்கு வந்தது உறுதி, அம்மாவுக்கு வந்திருக்கலாம்" என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று போன் செய்தான்.